நீர்க்கட்டி: பெயரும் மெய்யும்

தோற்றுவாய்

ஊர்ப்பெயர்களுக்குள் வரலாறு உறைந்திருக்கும் என்பது தமிழ் பயின்றோர் அறிந்ததே. கெடிலக் கரையில் அமைந்த திருநாவலூர் நாவல் மரத்தால் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்ச் சிவன் கோயிலின் தலமரமும் நாவலே. சுந்தரர் பிறந்த ஊர் எனச் சைவ இலக்கியம் போற்றும் அவ்வூரின் பெயரைக் கேட்ட அளவிலேயே மரமும் கனியும் மனத்தில் தோன்றுகின்றன. அங்கே பெயரும் பொருளும் பொருந்தி நிற்கின்றன. எல்லாப் பெயர்களும் அவ்வாறு பொருந்தி நிற்பதில்லை. சில பெயர்கள் பொருளை மறைக்கும்; சில தவறான திசையைக் காட்டும். நோய்க்கு இட்ட பெயர் தவறான திசையைக் காட்டுமாயின் அதனால் விளையும் கேடு பெரிது. அத்தகைய பெயர்களுள் ஒன்று, இன்று நம் வீடுகளில் பெண்கள் தாழ்ந்த குரலில் சொல்லும் 'நீர்க்கட்டி' என்பது.

நான் மருத்துவம் பயின்றவள் அல்லள், தமிழ் கற்பிப்பவள். எனினும் இச்சொல்லை ஆராயவேண்டிய கட்டாயம் என் குடும்பத்திலேயே எனக்கு நேர்ந்தது.

நான் பிறந்து வளர்ந்தது திருநாவலூர்ப் பக்கம். என் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று அழைப்பவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மணமுடித்துச் சென்றார். அவருக்கு மாதவிடாய் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். முகவாயில் மயிர் அரும்பும். கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கும். ஆண்டுகள் சில கடந்தும் குழந்தை இல்லை. புகுந்த வீட்டில் எழுந்த சொற்களை இங்கு எழுத என் மனம் ஒப்பவில்லை. பரிசோதித்த மருத்துவர் ஒருவர், 'நீர்க்கட்டி இருக்கிறது, கரைத்துவிடலாம்' என்றார். ஒன்பதாம் ஆண்டில் ஆண்குழந்தை பிறந்தது. கட்டி கரைந்தது என்று இரு வீட்டாரும் மகிழ்ந்தனர். அதன்பின் எவரும் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவில்லை. அவருக்கு 41 வயதானபோது காலில் பட்ட சிறு புண் ஆறாமல் பெருகியது. குருதியைச் சோதித்ததில் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. இரண்டு விரல்களை இழந்து வீடு திரும்பிய அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: 'கட்டிதான் கரைந்துவிட்டதே, இது எங்கிருந்து வந்தது?'

அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பெயர் வந்த வழி

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகர மருத்துவர்களான ஸ்டைன், லெவன்தால் ஆகிய இருவரும் 7 பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அப்பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை; அவர்களுடைய சினைப்பைகள் பருத்து, உள்ளே சிறுசிறு நீர்ப்பைகள் நிறைந்திருந்தன. கண்ணுக்குத் தெரிந்த அந்த நீர்ப்பைகளைக் கொண்டே நோய்க்குப் பெயர் அமைந்தது. ஆங்கிலத்தில் 'பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்' என்றும், சுருக்கமாகப் பி.சி.ஓ.எஸ். என்றும் வழங்குவது இதுவே. தமிழில் 'சினைப்பை நீர்க்கட்டி நோய்' என்றாயிற்று. மக்கள் வழக்கில் முன்னும் பின்னும் தேய்ந்து 'நீர்க்கட்டி' மட்டும் நிலைத்தது.

ஆனால் அவை கட்டிகள் அல்ல. பெண்ணின் சினைப்பையில் கருமுட்டைகள் நுண்ணிய பைகளுக்குள் உறைகின்றன. திங்கள்தோறும் அவற்றுள் சில வளரத் தொடங்கும். ஒன்று மட்டும் முதிர்ந்து, வெடித்து, முட்டையை வெளியிடும். இந்நோயில் பல பைகள் வளரத் தொடங்கி, 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. முதிர்ச்சி எய்தாமல் நின்ற அந்த முட்டைப் பைகளையே நாம் கட்டி என்கிறோம். பூத்தும் காய்க்காத கொடியில் நிற்கும் பிஞ்சுகளை நோய் என்று சொல்லலாமா? பிஞ்சு முதிராமைக்குக் காரணம் வேரிலோ மண்ணிலோ நீரிலோ இருக்கும். அதைத் தேடுவதே முறை.

அறிவுலகமும் இதனை உணர்ந்துள்ளது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2012இல் கூட்டிய வல்லுநர் குழு, இப்பெயர் குழப்பம் விளைவிக்கிறது, இதனை மாற்றவேண்டும் என்று பரிந்துரைத்தது. நோயின் தன்மை முழுவதையும் காட்டாமல் சினைப்பையை மட்டும் காட்டுகிறது என்பதே அக்குழு கண்ட குறை.

இயக்குநீர்களின் ஒழுங்கு

உடலின் ஒரு பகுதியில் சுரந்து, குருதிவழிச் சென்று, மற்றொரு பகுதியை இயக்கும் பொருளை ஹார்மோன் என்பர். தமிழில் இயக்குநீர் எனலாம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இரண்டு இயக்குநீர்களை அனுப்பிச் சினைப்பையை ஆள்கிறது. ஒன்று முட்டைப் பையை வளர்ப்பது. மற்றொன்று முதிர்ந்த முட்டையை வெளியேற்றுவது. முதலாவதை எஃப்.எஸ்.எச். என்றும், இரண்டாவதை எல்.எச். என்றும் மருத்துவர் குறிப்பர்.

இந்நோய் உள்ள பெண்கள் பலரிடம் இரண்டாவது மிகுந்தும் முதலாவது அதற்கேற்ப உயராமலும் இருக்கக் காண்கிறோம். மிகுந்த எல்.எச். சினைப்பையைத் தூண்ட, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்பால் இயக்குநீர்கள் அளவுக்கு மேல் சுரக்கின்றன. இவை எல்லாப் பெண்களிடமும் இயல்பாகச் சிறிதளவு சுரப்பவையே, மிகுதியே தீங்கு. அம்மிகுதியால் முகத்தில் மயிர் வளர்கிறது, பருக்கள் தோன்றுகின்றன, தலைமயிர் உதிர்கிறது, முட்டைப் பைகளின் வளர்ச்சி இடையில் நிற்கிறது. முட்டை வெளிப்படாவிடில் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர் உரிய அளவில் சுரப்பதில்லை. அதனால் கருப்பையின் உட்படலம் உரிய காலத்தில் கழியாமல் தடிக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும், வரும்போது பெருக்கெடுப்பதும் இதனாலேயே. பல ஆண்டுகள் இவ்வாறு விடப்பட்டால் அப்படலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. 'வராவிட்டால் தொல்லை இல்லை' என்று வாளாவிருத்தல் கூடாது என்பதற்கு இஃதொன்றே போதிய காரணம்.

மதகும் நீர்க்கட்டியும்

இவ்வளவும் சினைப்பையின் கதை. சர்க்கரை எங்கிருந்து வந்தது என்ற அக்காவின் வினா இன்னும் எஞ்சி நிற்கிறது.

இங்கே சொல்லாய்வு நமக்கு ஒரு விளக்கைத் தருகிறது. தமிழகத்தின் ஏரிப்பாசன ஊர்களில் மதகைத் திறந்து வயல்களுக்கு நீர் பங்கிட்டுக் கொடுக்கும் ஊழியருக்கும் 'நீர்க்கட்டி' என்றே பெயர். நோயின் பெயரும் ஊழியரின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆயினும் நோயின் மெய்யை விளக்க அந்த ஊழியரே நமக்கு உதவுகிறார்.

உண்ட உணவு சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. அதைத் தசை முதலிய உறுப்புகளின் அணுக்களுக்குள் புகவிடும் ஊழியர் இன்சுலின் என்னும் இயக்குநீர், கணையத்தில் சுரப்பது. அணுவின் மதகு துருவேறிப்போனால் ஓர் ஊழியரால் அதைத் திறக்க இயலாது. கணையம் மேலும் மேலும் ஆட்களை அனுப்புகிறது. இவ்வாறு இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுக்கும் நிலையை 'இன்சுலின் எதிர்ப்பு' என்பர். ஒருவர் நிற்கவேண்டிய இடத்தில் பத்துப் பேர் குவிந்தால் அருகிலுள்ள வயல் மிதிபடும் அன்றோ? அவ்வாறு மிதிபடும் வயலே சினைப்பை. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைப் பெருக்குகிறது. அத்துடன், ஆண்பால் இயக்குநீரைப் பிணைத்து அடக்கிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் சுரப்பதையும் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஆண்ட்ரோஜன் மேலும் தீங்கு செய்கிறது.

ஆண்டுகள் பல சென்றால் ஆட்களை அனுப்பி அனுப்பிக் கணையமும் களைத்துப்போகும். அன்று குருதியில் சர்க்கரை உயரும். குழந்தைப் பேற்றுடன் சினைப்பையின் தொல்லை தணிந்ததுபோல் தோன்றலாம். மதகின் துரு அப்படியே இருக்கிறது. அக்காவின் வினாவுக்கு விடை இதுவே. கழுத்தின் பின்புறக் கருமையும் அழுக்கன்று. இன்சுலின் மிகுதியின் வெளிப்பாடு. அதைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கச் சொன்னோம், அறியாமையால்.

இவ்வுறவு புதிதாகக் காணப்பட்டதும் அன்று. ஸ்டைனும் லெவன்தாலும் எழுதுவதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1921இல், பிரான்சு நாட்டு மருத்துவர்களான அஷார், தியேர் ஆகியோர் 'தாடியுள்ள பெண்களின் நீரிழிவு' என்று ஒரு நிலையை விளக்கியிருந்தனர். பெயர் சினைப்பையின்மீது விழுந்ததும் பார்வையும் அங்கேயே நின்றது. 1980இல்தான் இந்நோயுள்ள பெண்களின் குருதியில் இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் சேர்ந்தே உயர்ந்திருப்பது அளந்து காட்டப்பட்டது. 1989இல் ஆந்திரியா டுனாய்ஃப் என்னும் அமெரிக்க ஆய்வாளர், உடற்பருமன் இல்லாத பெண்களிடமும் இந்த இன்சுலின் எதிர்ப்பு உண்டு என மெய்ப்பித்தார்.

மெலிந்தார்க்கும் உண்டு

டுனாய்ஃப் கண்ட அவ்வுண்மை நம் நாட்டாருக்கு மிக இன்றியமையாதது. 'பருத்தவளுக்குத்தான் இது வரும்' என்பது நம்மிடையே உள்ள எண்ணம். புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் 2004இல் தம் இருவரின் படங்களையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் எண் இருவருக்கும் 22.3, இம்மியும் வேறுபாடில்லை. ஆனால் உடலிலுள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பது இந்தியர் உடலமைப்பின் இயல்பு என்பதை இதைவிட எளிதாகக் காட்டமுடியாது. ஆகவேதான் நமக்கு அந்த எண் 23ஐத் தொட்டாலே மிகை எடை என்றும், 25ஐத் தொட்டால் உடற்பருமன் என்றும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரை எட்டினால் எச்சரிக்கை என்றும் வகுத்துள்ளனர்.

எத்தனை பேர்?

மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுள் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கலாம் என்றும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை நோய் இருப்பதை அறியாமலே வாழ்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் நாட்டில் 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களிடையே பல மாநிலங்களில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2024இல் வெளியாயிற்று. கடுமையான பழைய அளவுகோலின்படி 7.2 விழுக்காட்டினருக்கும், 2003இல் ராட்டர்டாம் நகரில் வகுத்த விரிந்த அளவுகோலின்படி 19.6 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருந்தது. பின்னதைக் கொண்டால் ஐந்து பெண்களுக்கு ஒருவர். ஐம்பது மாணவியர் அமர்ந்த வகுப்பறையில் நான் பாடம் நடத்தும்போது இந்த எண் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

மற்றொரு புறம், 2023இல் வெளியான தேசிய நீரிழிவு ஆய்வு, தமிழகத்தில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டெனக் காட்டியது. இவ்விரண்டு எண்களையும் தனித்தனியே படிக்கிறோம். சேர்த்துப் படிப்பதே அறிவுடைமை.

கண்டறியும் முறை

மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதியின் அடையாளம், சினைப்பையில் பல முட்டைப் பைகள் ஆகிய மூன்றனுள் இரண்டு இருந்து, இவற்றை ஒத்த பிற நோய்கள் இல்லை எனத் தெளிந்தால் இந்நோய் எனக் கொள்வர். முதல் இரண்டும் இருப்பின் ஸ்கேன் எடுக்காமலேயே துணியலாம். பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனைக் கொண்டு இந்நோயை முடிவு செய்யலாகாது. அவ்வயதில் பல பைகள் தோன்றுவது இயல்பே. ஸ்கேன் அறிக்கையிலுள்ள ஒற்றைச் சொல்லைக் கண்டு அஞ்சும் பெற்றோர் இதனை மனங்கொள்ளவேண்டும்.

அஞ்சவேண்டாதது இதுவாயின், அசட்டை செய்யக்கூடாதது எது? பூப்பெய்திய முதலாண்டில் ஒழுங்கின்மை இயல்பு. மூன்றாண்டுகள் கடந்தபின் 35 நாள்களுக்கு மேல் தள்ளிப்போவதும், ஓராண்டில் எட்டு முறைக்கும் குறைவாக வருவதும் மருத்துவரிடம் காட்டவேண்டியவை. முதலாண்டுக்குப் பின் ஒருமுறையேனும் 90 நாள்களுக்கு மேல் வராதிருந்தால் காத்திருத்தல் கூடாது.

நோய் உறுதியானால் சினைப்பையோடு நில்லாமல் குருதி அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் பார்த்தல் வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனை சிலரிடம் நோயைக் காட்டாது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துப் பருகி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையே நுட்பமானது. அதில் 140 மில்லிகிராமுக்குக் கீழ் இயல்பு. 140 முதல் 199 வரை முன்நிலை. 200ம் அதற்கு மேலும் நீரிழிவு. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதனைத் திரும்பச் செய்தல் வேண்டும். கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்யும் முறையை இந்திய மாநிலங்களுள் முதன்முதலாக 2007இல் ஏற்றது தமிழகமே. அச்சோதனையைத் தவிர்க்காதிருத்தல், இந்நோயுள்ள தாய்மார்க்கு இருமடங்கு கடமை.

நாங்கள் சிறுமியராக இருந்த காலத்தில் பெரிய மருத்துவம் என்றால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ செல்வர். இன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். 2022இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பெற்றது. தொலைவு குறைந்திருக்கிறது; தயக்கம் குறையவில்லை.

மருந்தும் உணவும்

மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும், மயிர் வளர்ச்சியைக் குறைக்கவும், இன்சுலின் எதிர்ப்பைத் தணிக்கவும், முட்டை வெளிப்படச் செய்யவும் தனித்தனி மருந்துகள் உள்ளன. எவருக்கு எது என்பதை மருத்துவரே கூறவேண்டும். மகப்பேறு வேண்டுவோர் மனம் தளரவேண்டுவதில்லை. தக்க சிகிச்சையால் பெரும்பாலோர் தாயாகின்றனர்.

எல்லா மருந்துக்கும் அடிப்படையாக அமைவது வாழ்க்கை முறை. இதற்கு நம் சென்னையிலேயே சான்றுண்டு. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் முன்நிலையிலிருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். உணவிலும் உழைப்பிலும் முறையான மாற்றம் செய்தோருள் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் என்னும் மருந்தை மட்டும் உண்டோருள் 40.5 விழுக்காடு. நடையும் உணவு ஒழுங்கும் மாத்திரைக்கு நிகராக நின்றன. அவ்வாய்வு ஆண், பெண் இருபாலாரையும் பற்றியது, ஆயினும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கு மதகைத் துருப்பிடிக்காமல் காக்கும் வழி இதுவே. மிகை எடையுள்ளோர் தம் எடையில் 5 முதல் 10 விழுக்காட்டைக் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது.

எந்த ஓர் உணவுமுறையும் மற்றவற்றினும் சிறந்ததென நிறுவப்படவில்லை. ஆகவே விலையுயர்ந்த பொடிகளைத் தேடவேண்டா. எங்கள் பகுதி கரும்பும் மரவள்ளியும் நெல்லும் விளையும் பூமி. மூன்றும் விரைவில் சர்க்கரையாவன. கல்வராயன் மலையில் விளையும் சாமையும் தினையும் கேழ்வரகும் நம் தட்டில் சோற்றின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளட்டும். பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் மறுபகுதியை நிரப்பட்டும். சிறுதானியமும் அளவோடு உண்ணத்தக்கதே. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் மருந்துகளின் பெயரைச் சொல்லாமல் உண்ணும் அளவையே மிகுதியும் பேசுகிறார் என்பது ஈண்டு நினையத்தக்கது. நோன்பு நோற்கும் மாணவியர் மாத்திரை உண்ணும் நேரத்தை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிவது நன்று. நோன்பு திறக்கும்போது எண்ணெயில் பொரித்தவற்றால் பகலின் பயனை இழத்தலாகாது.

நாவற்கொட்டைப் பொடி சர்க்கரையைக் குறைக்கும் என்று எங்கள் ஊர்ப் பாட்டிமார் நம்புவர். நாவற்பழம் நல்ல கனி, உண்ணலாம். ஆனால் பொடியை நம்பிச் சோதனையையும் சிகிச்சையையும் விடுவோமானால், நாவலின் பெயரால் நமக்கு நாமே தீங்கிழைத்தவராவோம்.

நிறைவுரை

சென்ற ஆண்டு ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, ஐந்து மாதங்களாக மாதவிடாய் இல்லை என்றாள். வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். 'அம்மாவுக்குத் தெரியும், பெண் பார்க்க வரும் நேரத்தில் வெளியே சொல்லக்கூடாது என்கிறார்கள்' என்றாள். அவள் முகத்தில் நான் அக்காவைக் கண்டேன். அன்று மாலையே அவள் தாயாரை வரவழைத்துப் பேசினேன். சோதனையில் சர்க்கரை முன்நிலையில் இருந்தது. இருபது வயதில் தெரிந்தது நன்று. நாற்பத்தொன்றில் அக்கா பெற்ற விடையை இவள் இருபதில் பெற்றுவிட்டாள். இடைப்பட்ட இருபத்தோர் ஆண்டுகளும் இவளுக்கு மிச்சம்.

அன்பிற்குரிய மாணவியரே, முகத்தில் அரும்பும் மயிரும் தள்ளிப்போகும் நாளும் உங்கள் குற்றமல்ல. உங்கள் உடல் முன்கூட்டியே அனுப்பும் ஓலை. மனச்சோர்வும் கலக்கமும் இந்நோயில் மிகுதியாகக் காணப்படுவன. அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரியோர்களே, மணப்பேச்சுக்குத் தடையாகும் என்று மறைக்கும் ஒவ்வோராண்டும் அப்பெண்ணின் பிற்காலத்திலிருந்து எடுத்துச் செலவிடும் ஆண்டு. குழந்தை பிறந்தவுடன் நோய் தீர்ந்தது என்று கணக்கை முடித்துவிடாதீர்கள். 'கட்டி கரைந்ததா?' என்று கேட்பதை விடுத்து, 'சர்க்கரை பார்த்தாயா?' என்று கேட்கப் பழகுவோம்.

அக்கா இன்றும் திருநாவலூர்ப் பக்கத்தில்தான் வாழ்கிறார். தன் தங்கை மகள்கள் பூப்பெய்திய நாள்முதல், மாதவிடாய் வந்த தேதிகளை நாட்காட்டியில் குறித்துவைக்கும்படி சொல்லிவருகிறார். விடுமுறையில் நான் ஊருக்குச் செல்லும்போது அந்த நாட்காட்டியை என்னிடமும் எடுத்துக் காட்டுவார்.